இடி முழங்கின புதன்கிழமை

எனக்கு வாய் நீளம் எண்டு எங்கட லெப்புக்கு வாற சனம் முழுக்கச் சொல்லும். டோக்கன் எடுக்காம உள்ளுக்க பூந்தவங்களைக் கலைச்சிருக்கிறன். ரத்தம் எடுக்கிற பிள்ளைகள் பிந்தி வந்தா ஏசியிருக்கிறன். டொக்டர் இல்லாத நேரம் பாத்து டொக்டரையும் ஏசியிருக்கிறன். பதினேழு வருசமா அந்த முன் மேசையில இருந்து ரிப்போட் அடிச்சுக் குடுக்கிறதும் வாயடிக்கிறதுந்தான் என்ட தொழில். அப்பிடிப்பட்ட வாய், ஒரு சொல்லுச் சொல்ல வேண்டிய ஒரு நாள் இறுகிப்போச்சு. சாலிஹ் தம்பியைப் பத்திச் சொல்லுங்க எண்டு ஆரும் கேட்டா, அதை விட்டுட்டு எனக்குச் சொல்லத் தெரியாது.

சாலிஹ் காத்தான்குடிப் பொடியன். பொடியன் எண்டாலும் முப்பத்தாறு வயசு. வாப்பா தறியில சாறன் நெய்தவர். இவன் கம்பியூட்டர் படிச்சு, கலியாணம் முடிச்சு ஆறே மாசத்தில கத்தாருக்குப் போனவன். அங்க ஒரு மண்டபம் நிறைய சேர்வர் எண்டு சொல்ற பெரிய கம்பியூட்டர் மெசின், அதுகளைப் பாக்கிறதுதான் வேலையாம். நாலு வருசம் நிண்டுட்டு வந்து, எங்கட லெப்பில ஒரேயொரு மெசினைப் பாக்கிற வேலைக்குச் சேந்தான். "ஏன் தம்பி, அங்க ஆயிரம், இஞ்ச ஒண்டு, உனக்கு விசரா?" எண்டு வந்த கிழமையே கேட்டன். அவன் சிரிச்சுப்போட்டு, நாலு வருசமாப் பொஞ்சாதியைப் போனுக்குள்ளதான் பாத்தனான், தூரத்தில இருந்து பாத்தது காணும் அக்கா எண்டான்.

அந்த ஒரு மெசினும் லேசுப்பட்டதில்ல. ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி எண்டு வெளியில எடுக்கிற ரத்தம் முழுக்க மட்டக்களப்பு டவுனில இருக்கிற எங்கட லெப்புக்குத்தான் வரும். அத்தனை பேரின்ட ரிசல்ட்டும் அந்த மெசினுக்குள்ளதான் கிடக்கும். அது நிண்டா ஒருத்தருக்கும் ரிப்போட் இல்ல. வாவிப் பக்கம் யன்னல் இருந்த பழைய களஞ்சிய அறையை டொக்டர் அதுக்கெண்டு ஒதுக்கிக் குடுத்தார். சாலிஹ் யன்னலை அடைச்சு, ஏசி பூட்டி, வாசல்ல செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள போவான். "பள்ளிக்குப் போற மாதிரியெல்லோ போறாய்" எண்டு நான் நக்கலடிப்பன். மெசினோட தனியக் கதைக்கிறதையும் கேட்டிருக்கிறன்.

அவன்ட பொஞ்சாதி பரீனா வியாழக்கிழமைகளில எனக்கும் சேத்துச் சோறு கட்டி அனுப்புவா. ஒரு நாள் அவவே வந்தா. ரெண்டு கிழமையாக் காய்ச்சல், கையில காலில நீலம் நீலமாத் தழும்பு. நாங்கதான் ரத்தம் எடுத்தம். அந்த ரிப்போட்டை அடிச்சதும் நான்தான். பதினேழு வருசம் அடிச்சவளுக்கு அந்த வெள்ளையணு இலக்கத்தைப் பாத்தா ரத்தப் புற்றுநோய் எண்டு விளங்காதா? தாளைக் கையில வெச்சுக்கொண்டு நான் எழும்பாம இருந்தன். சாலிஹ் வந்து எட்டிப் பாத்தான். எனக்கு முதலே அவன் அதை மெசினுக்குள்ள பாத்திட்டான் எண்டு அவன்ட முகத்தில தெரிஞ்சுது.

கொழும்பு ஆசுபத்திரியில சேத்தாங்க. பொம்புளை வாட்டு, ஆம்புளைகள் மூண்டு நேர விசிட்டுக்குத்தான் உள்ள போகலாம். பரீனாட தங்கச்சி ஸகியா கூட நிண்டா. மகள் நிஸ்றாக்கு எட்டு வயசு, அவ சாலிஹ்ட உம்மாவோட காத்தான்குடியில. சாலிஹ் கொழும்புக்கும் இஞ்சைக்கும் அலைஞ்சான். மூண்டு நாள் அங்க நிண்டா நாலாம் நாள் மெசின் நிண்டிரும், டொக்டர் போன் எடுப்பார், அவன் பஸ் ஏறுவான்.

அந்த மெசினுக்கு ஒரு கெட்ட பழக்கம். கரண்ட் போய் வந்தா நேர எழும்பாது. திரையில ஒரு கேள்வி கேட்டுட்டு நிக்கும். கேள்வியும் ஒவ்வொரு நாள் ஒவ்வொண்டு. படிச்சுப் பாத்துத்தான் பதில் தட்டோணும், கண்ணை மூடிக்கொண்டு தட்டினா உள்ள கிடக்கிறது முழுக்க அழிஞ்சுபோகவும் கூடும். போன வருசம் அறைக்குப் பெயின்ட் அடிக்க மெசினை நகத்தினப்போ, திரை வயர் பூட்டுற இடம் உடைஞ்சு போச்சு. அதுக்குப் புறகு அது என்ன கேக்குதெண்டு சாலிஹ் வந்து பெட்டியைக் கழட்டி, உள்ளால வேற திரை பூட்டித்தான் பாக்கோணும், வேற ஆருக்கும் தெரியாது. வித்த கொம்பனியைக் கேட்டா, தூரத்தில இருந்து மெசினை ஆளுறதுக்கெண்டே ஒரு தனிக் கொன்சோல் பெட்டி இருக்கு, அதை வாங்குங்க எண்டாங்க. விலையைக் கேட்டுட்டு டொக்டர் ஏலாதெண்டுட்டார்.

அண்டைக்குப் பின்னேரம் சாலிஹ் என்னைக் கூப்பிட்டான். மெசின்ட பின்பக்கத்தைக் காட்டினான். நெற்வேர்க் வயர் பூட்ட ரெண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்தில. அங்கால, மூலையில, தனிய இன்னொரு ஓட்டை. பாத்தா மூண்டும் ஒண்டு போலதான். அந்த மூலை ஓட்டைக்குப் பின்னால மெசினுக்குள்ளயே ஒரு குட்டி மெசின் இருக்காம். பெரியது நிண்டாலும் அது முழிச்சிருக்குமாம், சுவர்ல கரண்ட் மட்டும் இருந்தாக் காணுமாம். "தனிப் பெட்டி ஒண்டும் தேவல்ல அக்கா. என்ட லெப்டொப்பே காணும்" எண்டான்.

ஒரு வயரை எடுத்து மூலை ஓட்டையில இருந்து நேர தன்ட லெப்டொப்புக்குப் பூட்டினான். அந்தக் குட்டிக்கு எண்டு ஒரு விலாசம் உண்டாம். லெப்டொப்புக்கும் அதே தெருவில ஒரு விலாசம் குடுத்தாத்தான் ரெண்டும் பறையுமாம். மெசின்ட முன்பக்கம் இழுத்தா வாற ஒரு தகட்டில முதல் கடவுச்சொல் பொறிச்சிருந்துது. எழுத்துப் பொடி, நான்தான் கண்ணாடி போட்டு வாசிச்சுக் குடுத்தன். உள்ள போன உடன முதல் வேலையா அந்தச் சொல்லை மாத்தினான். நோயாளிகள்ட ரகசியம் கிடக்கிற இடம் எண்டான். மறுகா மாறாத ஒரு விலாசத்தை எழுதி, வயரைக் கழட்டி ரவுட்டர் பக்கம் கொண்டு போய், வெளியில இருந்து தான் மட்டும் வரக்கூடின மாதிரி ஒரு பூட்டின பாதை போட்டான்.

அடுத்த நாள் அவன் காத்தான்குடியில வீட்டில இருந்தான். நான் மெசினுக்கு முன்னால கதிரை போட்டு, போனைக் காதில வெச்சுக்கொண்டு இருந்தன். "நிப்பாட்டுறன் பாருங்க" எண்டான், நிண்டுது. "எழுப்புறன்" எண்டான். ஆரும் தொடாம காத்தாடி சுத்தி, பச்சை லைட் மினுங்க, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. பேய் பிடிச்ச மெசின் எண்டு கத்தினன். அவன் அங்கால சிரிச்ச சிரிப்பு, பரீனாக்கு வருத்தம் வந்ததுக்குப் புறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. "இனி அவவிட பக்கத்திலயே நிப்பன் அக்கா. டொக்டர் கூப்பிட்டாலும் ஓடி வரத் தேவல்ல."

அவனுக்கு வேண்டியது அது ஒண்டுதான்.

கொழும்புக்குப் போக முதல் அறைக் கதவில ஒரு தாள் ஒட்டிப்போட்டுப் போனான். இடி இடிச்சாலும் ஒண்டையும் கழட்ட வேணாம், பாதுகாப்பு வெச்சிரிக்கி எண்டு எழுதி, கீழ தன்ட பேரும் போட்டிருந்தான். எங்கட ஆக்களைப் பத்தி அவனுக்குத் தெரியும். ஐப்பசி பிறந்து வானம் கறுத்தா, மட்டக்களப்பில டீவி பிளக்கும் ரவுட்டர் வயரும் கழட்டாத வீடு ஏது?

ஒரு மாசம் நல்லாத்தான் போச்சு. ரெண்டு தரம் கரண்ட் போய் மெசின் நிண்டுது. ரெண்டு தரமும் அவன் ஆசுபத்திரி மதிலோட ஒரு மரத்துக்குக் கீழ, சீமெந்து வாங்கில இருந்து கேள்வியைப் படிச்சுப் பதில் தட்டினான். எனக்குப் போன் எடுத்து, எழும்பிட்டா பாருங்க எண்டு கேட்டுட்டு, விசிட்டுக்கு மணி அடிக்குது எண்டு ஓடுவான். பரீனாவும் அவனைக் கண்ட உடன, உங்கட மெசின் சுகமா எண்டுதான் கேப்பாவாம். சக்களத்திய விசாரிக்கிற மாதிரிக் கேக்கிறா எண்டு அவன் சொல்ல, நானும் சிரிச்சன்.

அந்தப் புதன்கிழமை பின்னேரம் மூண்டு மணி இருக்கும். லெப்பில நான் தனிய. ரத்தம் எடுக்கிற பிள்ளைகள் போயிட்டுதுகள், டொக்டர் கிளினிக்கில. வாவிக்கு அங்கால வவுணதீவுப் பக்கம் வானம் மை பூசினாப் போல கறுத்து வந்துது. மறுகா விழுந்துது பாருங்க ஒரு இடி. யன்னல் கண்ணாடி கிடுகிடுத்துப் போச்சு. அடுத்தது அதை விடக் கிட்ட. எனக்கு இடி எண்டாச் சீவன் போகும். முந்தின வருசந்தான் கல்லடியில எங்கட வீட்டு டீவியையும் ரவுட்டரையும் ஒரே மின்னல் கருக்கிப் போட்டது. "அருச்சுனா, அருச்சுனா" எண்டு சொல்லிச் சொல்லி அந்த அறை வாசலுக்குப் போனன்.

தாளைப் பாத்தன். பாக்கல்ல எண்டு பொய் சொல்ல மாட்டன். ஆனா என்ட மனசில ஓடினது வேற. இந்த இடி மெசினை அடிச்சுப் போட்டா, தம்பி பரீனாவ விட்டுட்டு ஓடி வர வேண்டி வருமே எண்டுதான் நினைச்சன். உள்ள போய் சுவர்ல இருந்த பிளக்கை இழுத்தன். பின்னால இருந்த ரெண்டு வயரையும் இழுத்தன். எல்லாம் கழட்டினாப் புறகுதான் நெஞ்சு ஆறிச்சுது.

ஒரு மணித்தியாலத்தால மழை விட்டுது. வயர் ரெண்டையும் திரும்பிப் பூட்டினன், பிளக்கைப் போட்டன், லைட் மினுங்கிச்சுது. பெரிய வேலை முடிச்ச மாதிரி தேத்தண்ணி ஊத்திக் குடிச்சுட்டு, பாலம் தாண்டி வீட்ட போயிட்டன். அண்டிரவு கல்லடி, டவுன் முழுக்கக் கரண்ட் போய் வந்துது.

வியாழன் காலையில ரிப்போட் ஒண்டும் வரல்ல. மெசின் எழும்பாமக் கேள்வியோட நிண்டுது. சரி, தம்பி தட்டுவான் எண்டு நான் பயப்படாம இருந்தன். பத்து மணிக்கு அவன்ட போன் வந்துது. குட்டி மெசினைப் பிடிக்க ஏலாமக் கிடக்காம். டொக்டர் என்ட மேசைக்குப் பக்கத்தில வந்து நிண்டார். முன்னால சனம் அறுபது எழுபது. கொக்கட்டிச்சோலையில இருந்து வெள்ளண பஸ் ஏறி வந்த சிறுநீரக வருத்தக்காரர் ஒருத்தர், ரிப்போட் இல்லாம மருந்து மாத்த மாட்டாங்க எண்டு சுவரோட சாஞ்சு இருந்தார். டொக்டர் போனை ஸ்பீக்கரில போடச் சொன்னார்.

சாலிஹ் கேட்டான்: "அக்கா, நேத்து இடி முழங்கினதாமே. ஆராச்சும் உள்ள போய் வயரைக் கழட்டினீங்களா? செல்லுங்க, பரவால்ல."

பரவால்ல எண்டும் சொன்னான் அந்தப் பிள்ளை. நான் டொக்டர்ட முகத்தைப் பாத்தன். ரத்தம் வெக்கிற பிரிட்ஜின்ட பிளக்கைக் கழட்டிப் போன் சார்ஜ் பண்ணின பிள்ளைய, போன மாசம் ஒரே சொல்லில வீட்ட அனுப்பினவர்.

"இல்ல தம்பி. ஒருத்தரும் தொடல்ல" எண்டன். அதோட நிண்டனா? ராத்திரி கரண்ட் போய் வந்தது எண்டு பெரிய சாட்சிக்காரி மாதிரி அதையும் சேத்துச் சொன்னன்.

அப்ப அந்தக் குட்டியை மின்னல் எரிச்சுப்போட்டு போல, வந்துதான் பாக்கோணும் எண்டான். வேற ஆரையும் பிடிக்கேலாதா எண்டு அவனே டொக்டரைக் கேட்டான். வெளியாளை அந்த அறைக்குள்ள விட டொக்டர் சம்மதிக்கல்ல. சாலிஹ் மத்தியான விசிட்டில பரீனாட்ட சொன்னானாம். அவவுக்கு அண்டைக்குக் காய்ச்சல் விட்டிருந்துதாம். போயிட்டு வாங்க, அங்க காத்துக்கொண்டிருக்கிறதும் என்னைப் போல வருத்தக்காரர்தானே எண்டு அவவே அனுப்பி வெச்சிருக்கா. சனிக்கிழமை அஞ்சு மணி விசிட்டுக்கு நிப்பன் எண்டு சொல்லிட்டு, வெள்ளி காலை கொழும்பு ஸ்டேசனில கோச்சி ஏறினான்.

வியாழன் பின்னேரம் எல்லாரும் போனாப் புறகு போனைக் கையில எடுத்தன். ரெண்டு தரம் எடுத்தன். உண்மையைச் சொல்லப் போய், ஏன் காலையில பொய் சொன்னீங்க எண்டு கேட்டா என்னத்தைச் சொல்றது? திருப்பி வெச்சிட்டன். ஒரு நாள் பயணந்தானே, வந்து பாத்துட்டுப் போவான் எண்டு மனசுக்குச் சமாதானம் சொன்னன். அந்தச் சமாதானத்தை நினைச்சா இப்பவும் எனக்கு என்னையே அறையோணும் போல கிடக்கு.

வெள்ளி மூண்டரை மணிக்கு, தோளில பையோட, ஸ்டேசனில இருந்து நேர வந்தான். ஆள் பாதியாப் போயிருந்தான். செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள போனான். ரெண்டு நிமிசம் இருக்காது, வாசலுக்கு வந்து, கொஞ்சம் வாங்க அக்கா எண்டான்.

மெசின்ட பின்னுக்கு டோச் அடிச்சுக் காட்டினான். ரெண்டு ஓட்டையிலயும் ரெண்டு வயர் ஒழுங்காப் பூட்டிக் கிடக்கு. மூலையில தனிய இருந்தது வெறும் ஓட்டை. நான் இடம் மாத்திப் பூட்டியிருக்கிறன்.

"இது ஆரு அக்கா?"

"நான்தான் தம்பி. இடிக்குப் பயந்து கழட்டினன்."

அவன் ஏசல்ல. ஏசியிருந்தா நான் அவன்ட காலில விழுந்திருப்பன். வயரைக் கழட்டி மூலை ஓட்டையில தள்ளினான், டிக் எண்டு ஒரு சத்தம். லெப்டொப்பைத் திறந்தான், கேள்வி வந்து நிண்டுது. படிச்சுப்போட்டு ஒரே ஒரு எழுத்துத் தட்டினான். காத்தாடி சுத்திச்சுது. வெளியில பிரின்டர் கடகடவெண்டு ரிப்போட் அடிக்கத் தொடங்கிச்சுது. நான் நேத்துச் சொல்லியிருந்தா, வயரை மூலையில போடுங்க எண்டு அந்த மர நிழலில இருந்தே சொல்லியிருப்பான். அவனும் அதைத்தான் யோசிச்சிருப்பான். "நேத்து ஒரு சொல்லு..." எண்டு தொடங்கி, முடிக்காம விட்டுட்டான்.

போனை எடுத்து பரீனாக்கு எழுதினான். எழுதிக்கொண்டே சத்தமாச் சொன்னான்: "மெசின் எழும்பிட்டு. நாளைக்கு அஞ்சு மணிக்கு வாறன்." நேரம் மூண்டு நாப்பத்தொண்டு. எனக்கு ஏன் நேரம் தெரியுமெண்டா, புறகு ஒரு நாள் அவன் அந்த மெசேச்சை எனக்குக் காட்டினவன். அதை ஆரும் வாசிச்சதுக்கு அடையாளம் விழல்ல.

நாலு மணிக்கு ஸகியா எடுத்தா. அவ அழுததில ஒரு சொல்லும் விளங்கல்ல, ஆனா விளங்கிச்சுது. மத்தியானம் திரும்பக் காய்ச்சல் வந்து, மூச்சு முட்டி, மூண்டரைக்குப் போயிட்டாவாம். கடைசியா வாசல் பக்கம் பாத்து, அவர் வந்திட்டாரா எண்டு கேட்டாவாம்.

சாலிஹ் "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" எண்டான். மறுகா அந்த அறை நிலத்தில, மெசினுக்குப் பக்கத்தில இருந்திட்டான். ஏசிக் குளிருக்க அவனுக்கு வேத்துக் கொட்டிச்சுது. நான் தண்ணி கொண்டு போனன். வாங்கினான், குடிக்கல்ல. "கோச்சியில வாறத்துக்குப் பதிலா..." எண்டு ஏதோ சொல்ல வந்தான், அதையும் முடிக்கல்ல.

அவன் திரும்பிக் கொழும்புக்குப் போகல்ல. போய் என்ன செய்ய? அவவை வேனில ஏத்திட்டாங்க. அவனுக்குப் பின்னாலயே அவவும் ஊருக்கு வந்தா. சனிக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முதல் அடக்கிட்டாங்க. நான் காத்தான்குடிக்குப் போனன். பொம்புளைகளோட உள்ள இருந்து அவட முகத்தைப் பாத்தன். வியாழக்கிழமைச் சோத்துக்கு நன்றி சொன்னனா எண்டு நினைச்சுப் பாத்தன், ஞாபகம் வரல்ல. நிஸ்றா என்ட மடியில வந்து இருந்தது. அந்தப் பிள்ளைட தலையைத் தடவ என்ட கை கூசிச்சுது.

எட்டாம் நாள் அவன் வேலைக்கு வந்தான். என்னைப் பத்தி டொக்டருக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல. பழுதுக் கொப்பியில அண்டைய திகதிக்கு, வயர் தளந்திருந்தது எண்டு எழுதியிருந்தான். அதைப் பாத்த பிறகு எனக்குத் தாங்கேலாமப் போச்சு. டொக்டர்ட அறைக்குப் போய், கழட்டினதும் நான், பொய் சொன்னதும் நான், என்னை நிப்பாட்டுங்க எண்டு அழுதன். அவர் நிமிந்து பாத்தார். "சரி விடு அஜந்தா. இனிக் கழட்டாத" எண்டுட்டு, குனிஞ்சு தன்ட வேலையைப் பாத்தார். அவ்வளவுதான். இதுக்குத்தான் நான் பயந்தனான்.

அண்டைக்கே சாலிஹிட்ட மன்னிப்புக் கேட்டன். என்ட வேலை போயிடுமெண்டு பயந்து பொய் சொன்னன் தம்பி எண்டன்.

"நீங்க என்ன செல்லியிருந்தாலும் அவட அஜல் அண்டைக்குத்தான் அக்கா. அல்லாஹ் எழுதின நேரம். அதில நான் உங்களைக் குறை செல்லல்ல. ஆனா நான் வாசல்ல நிண்டிருப்பன்."

அதுக்குப் புறகு அந்தக் கதையை அவன் எடுத்ததில்ல. இப்பவும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா வாறான், நக்கலடிச்சாச் சிரிக்கிறான். வியாழக்கிழமைகளில அவனுக்கு நான் சோறு கட்டிக்கொண்டு போறன், சாப்பிடுறான். இடி முழங்கினா நான் ரெண்டு கையையும் மடியில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு என்ட கதிரையிலயே இருக்கிறன்.

மூலை ஓட்டையில அந்த வயர் இப்பவும் பூட்டினபடிதான் கிடக்கு. கொழும்பில இருந்தும் பாக்கலாம், கத்தாரில இருந்தும் பாக்கலாம். அவன் காலையில எட்டுக்கு வந்து, பின்னேரம் வரைக்கும் மெசினுக்குப் பக்கத்திலயே இருக்கிறான். லீவு எடு தம்பி, எங்கயாவது போயிட்டு வா, மெசினை அங்க இருந்தே பாக்கலாந்தானே எண்டு போன கிழமை சொன்னன்.

"எங்க அக்கா போற?" எண்டு கேட்டான்.